ஒரே பெயரில் இரண்டு சில்லுகள்

“பத்தாங்கிளாஸ் படிச்சது கண்ணாடி கழுவுததுக்கா, ஏளா? அதுக்கு வீட்டுல கும்பாவக் கழுவலாம்லா,” என்றாள் அத்தை, சாயம் ஏறிய என் விரல்களைப் பார்த்து. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் அந்தச் சோதனை அப்போதுதான் தொடங்கியிருந்தது. கருப்பை வாயிலிருந்து வழித்தெடுத்ததை ஸ்லைடு என்கிற கண்ணாடிச் சில்லில் தடவி, காய்வதற்குள் ஸ்பிரிட்டில் போட்டு, சாயமேற்றிப் பார்த்தால், வலி வருமுன்பே புற்றுநோய் தெரிந்துவிடும். டாக்டரம்மா அதைச் சீமையில் படித்து வந்திருந்தார். சாயமேற்றுவது நான். மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவள் மில்லர்புரத்துப் பெண். என் வயதுதான், சென்னையில் படித்தவள். அவள் சேலையில் ஒரு பொட்டுச் சாயம் பட்டதில்லை. ‘வா, இதைப் பார்’ என்று டாக்டரம்மா அவளை மட்டும் கூப்பிடும்போது என் வயிறு எரியும்.

ஒரு நாள் ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து இரண்டு பெண்கள் சேர்ந்து வந்தார்கள். இருவருக்கும் ஒரே பெயர். அன்று சீட்டு எழுதிய மில்லர்புரத்துக்காரி இருவரிடமும் புருஷன் பெயரைக் கேட்டாள். இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எங்கள் பக்கத்தில் அதை வாயால் சொல்ல மாட்டார்கள். ஒருத்தியின் புருஷன் பெயரை மற்றவளிடம்தான் கேட்க வேண்டும். அந்த வழக்கம் மில்லர்புரத்துக்காரிக்குத் தெரியவில்லை. இடத்தைக் காலியாக விட்டு, இரண்டு சில்லிலும் ஒரே பெயரை எழுதினாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தடுக்கி விழட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மறுவாரம் அந்த இரண்டில் ஒரு சில்லில் கெட்ட செல்கள் தெரிந்தன. உட்கரு பெருத்து, கறுத்து, தாறுமாறாக. எந்தப் பெண்ணுடையது என்று யாருக்கும் தெரியவில்லை. சீட்டில் ஊர் ‘ஸ்ரீவைகுண்டம்’ என்று மட்டும் இருந்தது. சீட்டு எழுதியவள் அழுதாள். டாக்டரம்மா திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ அவள் தோளைத் தொட்டு, “அழாத. ரெண்டு பேருக்கும் திரும்ப எடுத்துப் பாத்துருவோம். ஆனா எங்க போய்த் தேட?” என்றார்.

அந்தத் தோளைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதக் கூசுகிறது. அந்தப் பெண்களுக்குத் தண்ணீர் கொடுத்தவள் நான். ஊர் ஆற்றுக்கு அக்கரை, நடவு நடக்கிறது, சீக்கிரம் போகணும் என்று அன்று என்னிடம்தான் சொல்லியிருந்தார்கள். சின்னவள் என் கையைப் பிடித்து, “ஒண்ணும் இருக்காதுல்லா, தாயி?” என்று கேட்டிருந்தாள்.

“எனக்கு ஊர் தெரியும்,” என்றேன். சீட்டில் நடந்த தப்பை அன்றே பார்த்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. மில்லர்புரத்துக்காரியும் கூட வருவதாகச் சொன்னாள், வேண்டாம் என்றேன். கண்டுபிடித்தவள் நான் ஒருத்தியாகவே இருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஸ்ரீவைகுண்டத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அக்கரையில் இருந்த அவர்கள் ஊரைப் பார்த்து ஆற்றுக்குள் கால் வைத்தேன்.