ஆணி விழாத சுவர்

கிர்கிஸ்தானில், எங்கள் ஓஷ் நகரத்தில் கல்யாண வீட்டுக்குப் போய்வந்தவர்களை முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். மெத்தையில் சுவரோடு சாய்ந்து நாலு கிண்ணம் டீ குடித்தால் போதும், கறுப்பு வெல்வெட் அங்கியில் சுண்ணாம்பு ஒட்டிக்கொள்ளும்.

வெள்ளிக்கிழமை அண்ணன் மிர்லானுக்குப் பெண் வருகிறாள். திங்கட்கிழமை காலையில் பெயிண்டர் அனார்கான் அக்கா வந்தார். அம்மா துர்சுனாய் ஆசையாக வாங்கி வைத்திருந்த பச்சைப் பெயிண்ட் டப்பாவை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவரில் உள்ளங்கையைத் தேய்த்து அம்மாவிடம் நீட்டினார். ரொட்டிக்கு மாவு பிசைந்த கை மாதிரி இருந்தது.

"முப்பது வருஷமா நவ்ரூஸ் பண்டிகைக்கு முப்பது பூச்சு சுண்ணாம்பு அடிச்சிருக்க. இதும்மேல பெயிண்ட் அடிச்சா பாலேடு மாதிரி உரிஞ்சு வரும். மொதல்ல எல்லாத்தையும் சுரண்டணும்."

"நாலு நாள்தான்க்கா இருக்கு! பெயிண்டுக்கு அடியில என்ன இருக்குன்னு யாரு பாக்கப்போறா?"

"உன் மருமக வழக்கப்படி மூணு நாள் திரைக்குப் பின்னால உக்காரப்போறா. அவளுக்கு வேற என்ன வேல? சுவத்தத்தான் பாப்பா."

அக்காவின் பிடிவாதத்துக்குக் காரணம் ஊருக்கே தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் உஸ்கென் ஊரில் ஒரு கல்யாண வீட்டில் அவசரப்படுத்தினார்கள். அவரும் சரியென்று சுண்ணாம்பின் மேலேயே அடித்துவிட்டார். மணப்பெண்ணின் திரையை யாரோ இழுக்க, அதைக் கட்டியிருந்த ஆணியும் ஒரு பாய் அளவு பெயிண்டும் சேர்ந்து அவள் தலையில் விழுந்தன. அன்றிலிருந்து சந்தையில் அவர் பெயர் 'உரிச்ச அனார்கான்'.

பெட்டியும் மெத்தைகளும் முற்றத்துக்குப் போயின. தரையில் பிளாஸ்டிக் விரித்து, சுவரை வெந்நீரால் இரண்டு தடவை நனைத்து, ஊறவிட்டு, அக்கா சுரண்ட ஆரம்பித்தார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரை மூன்று சுவர்தான் முடிந்திருந்தது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"அந்தப் பெயிண்டர் சாப்பார்பாய் ஒரே நாள்ல முடிச்சுத் தர்றேங்குறான்!"

சாப்பார்பாய் பேசுவது எப்படியென்று எனக்குத் தெரியும். தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவன் குரலிலேயே சொன்னேன். "நீங்க டீ போட்டு எறக்குங்கக்கா, அதுக்குள்ள ரூம் ரெடி!"

அக்கா சுரண்டுவதை நிறுத்தவில்லை. "கூப்பிடு தாயி. மூணு நாளும் ஆணியப் புடிச்சுக்கிட்டு நிக்கணும்னு அவன்கிட்ட சொல்லிடு."

அம்மா கோபத்தில் கையைக் கட்டிக்கொண்டு, சுரண்டாத நாலாவது சுவரில் பொத்தென்று சாய்ந்தாள்.

"திரும்பு," என்றார் அக்கா.

"எதுக்கு?"

"சும்மா திரும்பேன்."

கடைக்குப் போக உடுத்தியிருந்த வெல்வெட் மேலங்கி கழுத்திலிருந்து இடுப்புவரை வெளுத்திருந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அம்மா அங்கியைக் கழற்றி என் மேல் எறிந்தாள். சட்டைக்கையை மடித்துவிட்டு, "இன்னொரு பிளேடு இருக்கா?" என்றாள்.

புதன்கிழமை பட்டி பார்த்து, காயவைத்து, உப்புத்தாள் தேய்த்து, ஈரத்துணியால் தூசி துடைத்தார்கள். அக்கா நாலு சுவரிலும் உள்ளங்கையைத் தேய்த்துப் பார்த்தார். கை கையாகவே இருந்தது. வியாழன் காலையில் பிரைமர், சாயங்காலம் பெயிண்ட். இரண்டாவது பூச்சுக்கு நேரமில்லை.

"ஜன்னலோரம் திட்டுத்திட்டாத் தெரியுது," என்றாள் அம்மா.

"திட்டு தெரியட்டும். உரியாது."

வெள்ளிக்கிழமை காலையிலேயே பெண் வந்தாள். மூலையில் திரை கட்டி அவளை உட்காரவைத்தோம். சொந்தக்காரப் பெண்கள் பதினோரு பேர் சுவரோரம் சாய்ந்து, டீ குடித்து, பெண்ணின் மூக்கைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்து எழுந்தார்கள். அனார்கான் அக்கா வாசலில் செருப்புத் தேடுகிற மாதிரி குனிந்து நின்றார். ஒவ்வொரு முதுகாகக் கடந்தது. பதினொன்றும் கன்னங்கறுப்பு.

அப்புறமும் அவர் போகவில்லை. காலியான அறைக்குள் வந்து, திரைக்கயிற்றை மெல்ல இழுத்துப் பார்த்தார்.

"யாரது?" என்றது திரைக்குள்ளிருந்து ஒரு குரல்.

"பெயிண்டர்மா. ஆணி பாக்க வந்தேன்."

"கெட்டியாத்தான் இருக்கு பெரியம்மா. காலையிலருந்து நானும் நாலு தடவ இழுத்துப் பாத்துட்டேன்."