கந்தோர் வாசலைப் பார்த்திருந்தவர்

செவ்வாய்க்கிழமை காலை, நயினாதீவுப் படகுக்காகக் குறிகட்டுவான் துறையில் நின்றபோது தொலைபேசி அடித்தது. சாந்தி அழுதுகொண்டிருந்தாள். "வேணியக்கா கிணத்தடியில விழுந்திட்டா. எழும்பேல்லை."

அஞ்சலி எழுத வந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. இனி எங்கள் பெண்கள் அரசாங்கக் கந்தோருக்குள் அலுவலாகப் போகும்போது வெளியில் யார் நிற்பார்கள் என்ற பயம். பத்து நாளாகியும் அது போகவில்லை.

கமலவேணி என்ற வேணியக்காவை மடத்துவெளியில் தெரியாதவர்கள் குறைவு. இதை வாசிக்கும் பலர் அவருடைய மேசைக்கு முன்னால் நின்று நடுங்கியவர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இந்திய அகதி முகாம்களிலிருந்து தீவுகளுக்குத் திரும்பிய பெண்களுக்காக, வெளிநாட்டில் இருக்கும் ஒருவரின் பூட்டிக் கிடந்த வீட்டில் ஓர் அறையை அவர் கேட்டு வாங்கியிருந்தார். காணி உறுதிப் பத்திரத்தைத் தொலைத்தவர்களும், முகாமில் பெற்ற பிள்ளைக்கு இங்கே பதிவு இல்லாதவர்களும் அங்கே வருவார்கள். முகாமில் பிறந்த நான் விண்ணப்பங்களை எழுதுவேன். அவர், கந்தோரில் எப்படிக் கதைப்பது என்று பழக்குவார். "நீர் எழுதும், நான் வெருட்டுறன்" என்பதுதான் எங்களுக்குள் இருந்த வேலைப் பிரிவினை.

உண்மையில் வெருட்டுவார். கண்ணாடி இல்லாத ஒரு மூக்குக்கண்ணாடிச் சட்டத்தை மாட்டிக்கொண்டு மேசைக்குப் பின்னால் இருந்தாரென்றால் அவர் உத்தியோகத்தர். சாந்தி காணி விடயமாக முதல்முறை வந்த நாள் நினைவிருக்கிறது.

"என்ன? ஆர் நீர்?"

"ஐயா, எங்கட காணி..."

"காணியோ? இவ்வளவு காலம் இந்தியாவில இருந்து சோறு திண்டிட்டு, இப்ப காணி கேக்க வந்திட்டீரோ?"

சாந்தியின் கண் நிரம்பிவிட்டது. வேணியக்கா சட்டத்தைக் கழற்றினார். "அழுறதெண்டால் இஞ்சை அழும். அங்கை முதல் வேலை கதிரை கேக்கிறது. நிண்டுகொண்டு கதைச்சால் குரல் நடுங்கும்." திரும்பவும் மாட்டிக்கொண்டார். நான்காவது முறை சாந்தி வெடித்தாள். "சோறு இந்தியாக்காரர் தந்தது, ஐயா. காணி என்ர கொப்பர் தந்தது. முதல்ல இருக்க ஒரு கதிரை தாங்கோ!"

"உவள் என்னையே வெருட்டுறாள்!" என்று வேணியக்கா எழுந்தே விட்டார். அறை முழுவதும் சிரித்தது.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த இன்னொரு நாள், மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். எங்கிருந்து என்று சொல்லவில்லை. எத்தனை பேர் வருகிறீர்கள், என்ன கதைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். எல்லோரும் தரையைப் பார்த்தோம். மூக்குக்கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றாமலே வேணியக்கா சொன்னார். "நாடகம் பழகிறம், தம்பி. உத்தியோகத்தராய் நடிக்க ஆள் காணாது. நீங்கள் வாறியளோ?" ஒருவன் சிரித்தான். மற்றவன் சிரிக்காமல் சுவரிலிருந்து கூரை வரை பார்த்துவிட்டுப் போனான். சத்தம் தேய்ந்த பிறகு வேணியக்கா தண்ணீர் கேட்டார். நான்தான் வாயில் வைத்துப் பருக்கினேன். அடுத்த வாரம் பாதிப் பேர் வரவில்லை.

இவ்வளவு பழக்கியும், அவர் ஒருநாளும் ஒரு கந்தோருக்குள்ளும் வந்ததில்லை. எதிரே உள்ள வேப்பமரத்தடியில் நின்று, உள்ளே போனவள் வெளியே வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சுக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்ப மாட்டார். பெண்கள் தாமாகவே நிற்கப் பழக வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். உதவி தருகிறவர்களுக்கு எழுதிய அறிக்கையில் அதை அவருடைய வழிமுறை என்று ஒரு பந்தி எழுதி, பெருமையோடு அவருக்கு வாசித்தும் காட்டினேன்.

"வடிவாய் எழுதியிருக்கிறீர். ஆனால் அது பொய், பிள்ளை. எனக்குக் கால் உள்ள போகாது."

பிறகு மெல்லச் சொன்னார். சண்டை மறுபடி தொடங்கிய காலத்தில் அவருடைய கணவர் தர்மலிங்கத்தை விசாரணைக்கென்று ஒரு கட்டடத்துக்கு வரச் சொன்னார்கள். இருவரும் சேர்ந்துதான் போனார்கள். கணவர் றோட்டைக் கடந்து அந்தக் கட்டடத்தின் வாசலுக்குப் போனார். வேணியக்கா மரத்தடியில் நின்றார். "கச்சான் கடலை விக்கிற மனுசியிட்டை ஒரு கடதாசிச் சரை வாங்கக் குனிஞ்சனான். நிமிர்ந்தால் ஆள் இல்லை." பொழுதுபடக் கேட்டபோது, அப்படி ஒருவரும் உள்ளே வரவில்லை என்றார்கள். "உள்ள போனதைக் கண்ணால கண்டனீரோ எண்டு கேட்டாங்கள். ஓம் எண்டு சொல்ல என்னால ஏலேல்லை."

அதன்பிறகுதான் படகேறி, எங்கள் முகாமுக்கு வந்திருக்கிறார். திரும்பி வந்தபின், கணவர் இறந்துவிட்டார் என்று ஒப்பமிட்டால் சில உதவிகள் கிடைக்கும் என்று பலர் சொன்னார்கள். அவர் ஒப்பமிடவில்லை. நான் அறிக்கையில் அந்தப் பந்தியை அழித்தேன்.

அவருடைய மரணத்துக்குக் கிராம அலுவலரான விதானையாரின் அறிக்கை தேவைப்பட்டது. உறவினர் யாரும் இங்கே இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுதுகிறவள் என்ற மறைப்புக்குப் பின்னால் அதுவரை ஒளிந்திருந்த நான் உள்ளே போனேன். விதானையார் கடுமையானவர் அல்லர். கேட்காமலே கதிரை தந்தார். அதற்கு நான் பழகியிருக்கவில்லை.

"புருசன்ர பேர்?"

சொன்னேன்.

"ஆள் இப்ப இல்லைத்தானே? விதவை எண்டு போடுறன்."

பேனா தாளைத் தொட்டுவிட்டது. தலையசைத்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். வேணியக்கா ஒவ்வொருத்திக்கும் கடைசியாகச் சொல்வது காதில் கேட்டது. "தெரியாததைத் தெரியாதெண்டு சொல்லும். அவை எடுத்துத் தாற மறுமொழியை வாங்கிப் போடாதையும்."

"வேணாம் ஐயா, அப்படிப் போடாதீங்க." பயத்தில் முகாம் தமிழ் வந்துவிட்டது.

"நீர் இந்தியாவோ? சரி, அப்ப அவர் எங்கை?"

"தெரியாது. விசாரணைக்கெண்டு கூப்பிட்டவை. திரும்பி வரேல்லை."

"நீர் கண்டனீரோ?"

"நான் காணேல்லை. அவ சாகுமட்டும் பாத்துக்கொண்டு இருந்தவ. அதைக் கண்டனான்."

அவர் தர்மலிங்கத்தின் பெயரை மட்டும் எழுதி, விதவை என்ற சொல்லை விட்டுவிட்டார். என் பெயரையும் முகவரியையும் கேட்டு, வேறொரு துண்டில் குறித்து மேசை லாச்சிக்குள் வைத்தார். அது வெறும் நடைமுறையாக இருக்கலாம். ஆனாலும் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் இப்போதும் எழுதுவதை நிறுத்திவிடுகிறேன்.

வெளியே வந்தபோது சாந்தி மரத்தடியில் கண் இமைக்காமல் நின்றிருந்தாள். "வந்திட்டீர்" என்றாள். அவ்வளவுதான்.

மூக்குக்கண்ணாடிச் சட்டத்தைச் சாந்தி எடுத்துக்கொண்டாள். அவளுக்கு வெருட்ட நன்றாக வருகிறது. நான் வைத்துக்கொண்டது வேப்பமரத்தடியை. வியாழக்கிழமை நயினாதீவிலிருந்து வரும் பெண் தன் மகளின் பதிவுக்காக உள்ளே போகிறாள். அவள் வெளியே வரும்வரை நான் அங்கே நிற்பேன். காலடியில் எது விழுந்தாலும் குனிய மாட்டேன்.