மலையில் ஒரு மொசைக் தரை

கடையில் ஐந்து பேர் இருந்தோம். நான். என் வீட்டுக்காரர். அவருடைய அண்ணன், அதாவது எனக்கு மூத்தார். நைனார்பாளையத்து மேஸ்திரி. கல்லாவில் கடைக்காரர்.

கள்ளக்குறிச்சியில் அது பெரிய டைல்ஸ் கடை. கல்வராயன் மலையில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குத் தரை பார்க்க வந்திருந்தோம். சுவர் எழுப்பி, தளம் போட்டு, பூச்சும் முடிந்திருந்தது. தரை மட்டும் பாக்கி.

கடைக்காரர் ஒவ்வொரு டைல்ஸாகக் காட்டினார். எல்லாமே கண்ணாடி மாதிரி இருந்தன. வீட்டுக்காரருக்கு ஒன்று பிடித்துவிட்டது. பால் நிறம், நடுவில் பழுப்புக் கோடு. குனிந்து அதில் முகத்தைப் பார்த்துக்கொண்டார்.

"இத்தப் போட்டா வூடே வெளிச்சமா இருக்கும்" என்றார்.

"தலையும் சீவிக்கலாம்" என்றார் மேஸ்திரி.

எனக்கு மொசைக் வேண்டும் என்றேன்.

கடைக்காரர் சிரித்தார். "இன்னாக்கா, இப்ப யாரு மொசைக் போடறாங்க? கல்லு சிப்ஸு வந்த மூட்டை பிரிக்காமக் கெடக்குது."

"கெடக்குதுன்னா பிரிங்க."

மூத்தார் என்னிடம் நேராகப் பேசமாட்டார். நானும் அவரிடம் பேசியதில்லை. அன்றைக்கும் தம்பியைப் பார்த்துத்தான் சொன்னார். "மலையில எவன் வூட்டுலடா மொசைக் இருக்குது? நாலு பேரு வந்தா பழைய ஆஸ்பத்திரி மாதிரி இருக்குதும்பான்."

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "எதுக்கும்மே உனக்கு அது?"

"எனக்கு அதான் வேணும்."

காரணம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் மலைக்குக் கீழே சித்தாள் வேலைக்குப் போனேன். வடக்கனந்தல், ரிஷிவந்தியம், கள்ளக்குறிச்சி, எங்கே கூப்பிட்டாலும் போவேன். வீடு, கடை, கல்யாண மண்டபம். மொசைக் தேய்க்கும் மிஷினுக்குத் தண்ணீர் ஊற்றுவதும், அது கக்குகிற வெள்ளைச் சேற்றை வாரிக் கொட்டுவதும் என் வேலை. கால் விரலிடுக்கைச் சிமெண்ட் தின்றுவிடும். எண்ணெய் தடவினாலும் எரியும். சேறு வாரி முடிந்ததும் கூலி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கடைசிப் பாலிஷுக்குச் சித்தாள் தேவையில்லை. அதனால் முடிந்த தரை ஒன்றைக்கூட நான் பார்த்தது கிடையாது. ஒரு தடவை ஒரு மண்டபத்துக்குப் பார்க்கவே போனேன். கேட்டில் இருந்தவர் யார் வீட்டுக் கல்யாணத்துக்கு என்று கேட்டார். திரும்பிவிட்டேன்.

இந்த வீட்டில் பாதி என் கூலி.

கடைக்காரர் மூட்டைகளைப் பிரித்தார். காய்ந்த சிப்ஸ் எல்லாம் ஒரே மாதிரி சாம்பலாகத்தான் தெரியும். கைப்பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து மேலே ஊற்றினேன். கறுப்பு கறுப்பானது. பச்சை பச்சையானது. வெள்ளையும் கறுப்பும் எடுத்தேன், பச்சை கொஞ்சம்.

"தரைய நனைச்சிட்டியே யக்கா" என்றார் கடைக்காரர்.

"தொடச்சா போயிடும். டைல்ஸுதான?"

திரும்பி வரும் பஸ்ஸில் வீட்டுக்காரரிடம் மட்டும் ஒன்று சொன்னேன். மழை வந்தால் வாசலில் காயும் சாமையை வாரி உள்ளேதான் கொட்டுகிறோம். டைல்ஸ் இடுக்கில் சாமை போய் உட்கார்ந்தால் விளக்குமாற்றுக்கு வராது.

"இத்த அங்கயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அதுக்கு ஒரு பதிலு வெச்சிருப்பாரு உங்க அண்ணன்."

மேஸ்திரி வந்து தரை போட்டார். கண்ணாடிப் பட்டி வைத்துக் கட்டம் பிரித்து, சிப்ஸும் சிமெண்டும் குழைத்துப் பரப்பி, உருளை உருட்டினார். தண்ணீர் கட்டி வைத்தோம். இறுகியதும் மிஷின்காரரை மேலே அழைத்து வந்தார். அவர் மீட்டரைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், மிஷினை வண்டியிலிருந்து இறக்கவே இல்லை.

"இது சிங்கிள் பேஸு கரண்டு. இதுல நம்ம மிஷினு சுத்தாது."

"ஜெனரேட்டரு?"

"அத்தத் தூக்கிக்கினு மலை ஏற நம்மால ஆவாதும்மா."

வண்டி போய்விட்டது. மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். தேய்க்காத மொசைக் பார்க்க நன்றாக இருக்காது. தார் ஊற்றாத ரோடு மாதிரி சொரசொரவென்று கிடந்தது. சிப்ஸ் ஒன்றும் வெளியே தெரியவில்லை.

மூத்தார் வந்து பார்த்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஒண்ணும் கெட்டுப் போவல. இதும் மேலயே டைல்ஸ ஒட்டிடலாம். நாளைக்கே நான் போயி எடுத்தாறேன்" என்றார். வீட்டுக்காரர் சரி என்பது போலத் தலையாட்டினார்.

நான் நடுவில் போய் உட்கார்ந்தேன்.

"ஒட்டறதா இருந்தா மொதல்ல என்னய எழுப்பணும் மாமா" என்றேன். அவரிடம் நான் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

அவர் என்னைப் பார்க்காமல் தம்பியிடம் சொன்னார். "எழுந்துக்கச் சொல்லுடா."

தம்பி சொல்லவில்லை.

மேஸ்திரியைக் கேட்டேன். "மூலைக்கெல்லாம் மிஷினு போவாதே, அங்க எப்பிடித் தேய்க்கறீங்க?"

"கைக்கல்லு வெச்சித் தேய்ப்போம்."

"அந்தக் கல்லக் குடுங்க."

"அது மூலைக்கும்மா. முழு வூட்டையும் எவன் கையால தேய்ப்பான்?"

"வூடு பூரா மூலைன்னு நெனச்சுக்கறேன்."

மூத்தார் படி இறங்கும்போது சொன்னார். "நடு ரூமு பாதிகூட வராது. கை வுட்டுப்பூடும். அப்ப வந்து டைல்ஸு கேப்பா."

சாக்கை மடித்து முழங்காலுக்குக் கொடுத்துத் தேய்த்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. ஈரம் மட்டும்தான். பிறகு சாம்பல் விலகி ஒரு கறுப்புக் கல் தெரிந்தது. அதன் பக்கத்தில் ஒரு வெள்ளை. அதே சேறு, அதே எரிச்சல். வாரிக் கொட்டியது மட்டும் என் வாசலில்.

வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்றினார், பிறகு அவரும் ஒரு கல்லை எடுத்தார். ஒருநாள் ஓரகத்தி தன் சாக்கோடு வந்து என் பக்கத்தில் முட்டி போட்டாள். மூத்தாரின் மனைவி.

"மாமாக்குத் தெரியுமாக்கா?"

"அவரு டைல்ஸு வெல விசாரிச்சிக்கினு இருக்காரு. நீ தேயி."

சின்ன ஓட்டைகளைச் சிமெண்ட் பால் வைத்து அடைத்தோம். நைசான நயக்கல்லால் மறுபடி தேய்த்தோம். கடைசியில் மேஸ்திரி கொடுத்த பாலிஷ் பவுடரைப் போட்டு, மெழுகும் நான்தான் போட்டேன். மிஷின் தேய்த்த மட்டம் வராது. வாசல் பக்கம் லேசாக அலை இருக்கிறது. தண்ணீர் ஊற்றினால் ஒரு இடத்தில் நிற்கும். நிற்கட்டும்.

மேஸ்திரி கணக்கு முடிக்க வந்து டேப் பிடித்து அளந்தார். அன்றைக்கு மூத்தாரும் வந்தார். செருப்பை வெளியே விட்டார். நடு அறை, உள் அறை, சமையல்கட்டு என்று நடந்தார். பச்சைக் கல் ஒன்றைக் கால் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எவ்ளோம்மா தேய்ச்ச?"

முந்நூற்றுப் பன்னிரண்டு சதுர அடி.