கழுத்தை நேராக வை என்றவர்கள்

அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போன அன்றுதான் அம்மாவோடு நான் வெளியிடத்தில் முதன்முதலாகச் சண்டை போட்டேன். எனக்கு அப்போது பதினைந்து வயது. சாதாரண தரப் பரீட்சை எழுத அட்டை வேண்டும். அட்டைக்குப் படம் வேண்டும். படத்தில் ஆள் நேராக இருக்க வேண்டும். இது ஒரு சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்களுக்கு முதுகு நேராக இருக்கிறது என்று அர்த்தம்.

எனக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது. ஸ்கோலியோசிஸ் என்பார்கள். பதின்மூன்று வயதில் காய்ச்சலுக்கு மருந்தெடுக்கப் போன இடத்தில் டாக்டர்தான் கண்டுபிடித்தார். குனியச் சொன்னார், முதுகின் வலது பக்கம் மட்டும் மேடாக எழும்பி நின்றது. பயம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஆர்வம் அதைவிடப் பெரிதாக இருந்தது. நூலகத்தில் உடற்கூற்றுப் புத்தகத்தைத் தேடி எடுத்து எலும்புகளை எண்ணினேன். கழுத்தில் ஏழு. ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே ஏழு! வீட்டுக்கு ஓடிவந்து இதைச் சொன்னால், அம்மா முதலில் கதவைச் சாத்தினார்.

"இதெல்லாம் யார்கிட்டயும் ஒளறிக்கிட்டுத் திரியாத. பொம்பளப் புள்ள. நாளைக்கு ஒரு எடத்துல இருந்து கேட்டு வரவேணாமா?"

பள்ளிக்கூடத்துக்கும் சொல்லக்கூடாது என்பது கட்டளை. அதனால் பள்ளிக்கூடத்தில் நான் நோயாளி இல்லை, அடக்கமில்லாதவள். ஒரு தோள் இறங்கியிருப்பதால் கழுத்து சாய்ந்த மாதிரி தெரியும். காலைக் கூட்டத்தில் டீச்சர் ஒருவர் என் தாடையைப் பிடித்துத் திருப்புவார். "என்ன ஸ்டைலா? கழுத்த நேரா வை." பின்வரிசையில் இருந்து ஒருத்தி, "மிஸ், அவ வானொலி அன்டெனா மிஸ், சிக்னல் தேடுறா" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நல்ல பகிடிதான், நானே சிரித்திருக்கிறேன். வலிக்காமல் இருந்திருந்தால் இன்னும் சிரித்திருப்பேன்.

வலி காலையில் கொஞ்சமாகத் தொடங்கும். குனிந்து எழுத எழுதக் கூடும். இடைவேளைக்குள் பின்மண்டை வரை ஏறிவிடும். யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்: போன். குனிந்து குனிந்து போன் பார்க்கிறாய், அதனால் வலிக்கிறது. எங்கள் வீட்டில் எனக்கென்று போனே கிடையாது! இருந்த ஒன்றும் காலையில் அப்பாவோடு கடைக்குப் போய்விடும்.

படம் எடுப்பதற்கு இரண்டு கிழமைக்கு முன்னால்தான், முதுகுக்காகப் போய்வந்த கிளினிக்கில், பயிற்சி சொல்லித்தரும் ஒரு யாழ்ப்பாணத்து மிஸ் என் கழுத்தைப் பற்றிக் கேட்டார். அதுவரை யாருமே கேட்டதில்லை. எல்லோரும் தோளுக்குக் கீழேதான் பார்த்தார்கள். பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரேயை அவர் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இஞ்ச பாரும். கழுத்தில முன்பக்கமா ஒரு சின்ன வளைவு இருக்கவேணும். உமக்கு அது நிமிந்து போச்சு."

"அப்ப என் கழுத்து தேவைக்கு மேல நேரா இருக்கா மிஸ்?"

"ஓம்! கீழ முதுகு ஒரு பக்கம் சரிஞ்சு நிக்க, கண் ரெண்டும் மட்டமா இருக்கவேணும் எண்டு கழுத்து கிடந்து பாடுபடுது. அது பிழை செய்யேல்ல, வேலை செய்யுது. ஆரையும் பிடிச்சு இழுக்க விடாதேயும்."

எனக்குத் துள்ள வேண்டும் போல இருந்தது. வேலை செய்கிறது! இரண்டு வருஷமாகத் திட்டு வாங்கிய கழுத்து! பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கேட்ட ஒரே கேள்வி: "கல்யாணத்துக்கு முந்தி சரியாயிருமா மிஸ்?"

மிஸ் என்னைப் பார்த்தார். "முதல்ல சோதினையை எழுதட்டும் அம்மா."

அந்தச் சூடு ஆறுவதற்குள் படம் எடுக்கப் போனோம், கட்டுகஸ்தோட்டையில் மாடியில் இருந்த ஒரு ஸ்டூடியோவுக்கு. படம் எடுக்கிறவர் முஸ்லிம், நல்ல மனுஷன். அண்ணன் என்ற அர்த்தத்தில் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். "தங்கச்சி, இடது தோள் எறங்கி ஈக்குது" என்றார். தோளைத் தூக்கினேன், தலை சரிந்தது. தலையை நிமிர்த்தினேன், தோள் இறங்கியது. மூன்று தடவை இப்படி.

"கழுத்தப் பிடிச்சு வச்சு எடுங்க நானா" என்றார் அம்மா.

நானா இரண்டு விரலால் என் தாடையைத் திருப்பினார். வலியில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் திரையைப் பார்த்து யோசித்தார். "கம்ப்யூட்டர்ல தோளச் சமப்படுத்த ஏலும். ஆனா ஆபீஸ்ல பிடிச்சா திருப்பி அனுப்புவாங்க."

"பிடிக்கமாட்டாங்க. செஞ்சிருங்க."

"செய்யாதீங்க" என்று எழும்பினேன். "பொலிஸ்காரன் நிப்பாட்டினா, அட்டையில ஒருத்தியும் ரோட்டுல ஒருத்தியுமா நிக்கிறது?"

"உக்காரு. வாய் மட்டும் நீளுது."

"பொண்ணு பாக்க வர்றவங்க ஐடென்டிட்டி கார்டா கேப்பாங்க?"

நானா சிரித்துவிட்டார். அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எனக்குத்தான் நிறுத்த வரவில்லை. "ஆளாளுக்குக் கழுத்தப் பிடிச்சு இழுக்கிறீங்க. வலிக்குது. தெனமும் வலிக்குது. இதுல படமும் பொய்யா இருக்கணுமா?"

நானா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "மன்னிச்சுக்கோங்க தங்கச்சி. ஒங்களுக்கு எப்படி லேசோ அப்படி இருங்க. கேமராவ மட்டும் பாருங்க."

அப்படியே இருந்தேன். தோள் அதன் இடத்துக்கு இறங்கியது. யாரும் தொடாமலே கண் இரண்டும் மட்டத்துக்கு வந்தன. "இது போதும்" என்று படத்தை அப்படியே கம்ப்யூட்டரில் அடையாள அட்டை ஆபீசுக்கு அனுப்பிவைத்து, பற்றுச்சீட்டை என் கையில் தந்தார்.

படியிறங்கி பஸ் நிறுத்தம் வரைக்கும் அம்மா எனக்கு முன்னால் நடந்தார். அங்கே வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"தெனமும் வலிக்குதுன்னு எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

இதற்கு என்ன செய்வது? அழுவதா, சிரிப்பதா?

"சொன்னேம்மா! போன வருஷம் சொன்னேன். பொங்கலுக்குச் சொன்னேன். போன திங்கக்கெழம, நீங்க தேங்கா துருவிக்கிட்டு இருக்கறப்ப, பக்கத்துல நின்னு சொன்னேன்!"

மாத்தளை பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னொரு தடவை சொன்னேன்.