பின்னால் ஓடும் பாதை

கிருபாவதிக்கு ஜீப்பில் ஓர் இடம் உண்டு. பின்பக்கம், வலது பெஞ்சின் கடைசி. கம்பம் புதுப்பட்டியிலிருந்து கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு விடியுமுன் கிளம்பும் ஜீப்புகளில், ஒன்பது பேர் உட்காரும் இடத்தில் பதினெட்டுப் பெண்கள் எப்படி உட்காருகிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் மலைப்பார்கள். அதில் மாயமொன்றும் இல்லை. எதிரெதிரே உட்கார்ந்து, முழங்காலுக்குள் முழங்காலை மாற்றிப் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. யார் எங்கே என்பது முதல் வாரமே முடிவாகிவிடும். அப்புறம் இடம் மாற வேண்டுமென்றால் ஊரைத்தான் கூட்ட வேண்டும். மலை வளைவுகளில் குமட்டுகிறது என்று கிருபாவதியைக் கடைசியில் போட்டார்கள். பதினோரு வருஷம், திறந்து கிடக்கும் பின்பக்கத்தைப் பார்த்தபடியேதான் அவள் கம்பம்மெட்டு மலையேறினாள்.

பத்தாவதோடு படிப்பு நின்றது. அதுவரை வகுப்பில் முப்பத்திரண்டு பேரின் அறிவியல் ரெக்கார்டு நோட்டுக்கும் தவளையும் செம்பருத்தியும் வரைந்து கொடுத்தவள் அவள்தான். வாத்தியாருக்கும் அது தெரியும். தெரியாத மாதிரி எல்லாருக்கும் மார்க் போட்டார். கல்யாணமானது, கணவன் முத்துராஜா திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போனான், மகள் அபிதா பிறந்தாள், கிருபாவதி ஏலக்காய் எடுக்கப் போனாள். படம் வரைவதையெல்லாம் மறந்தே போனாள்.

கொரோனாவில் கேரளா எல்லையை மூடினார்களே, அப்போது வீட்டில் சும்மா கிடந்தவள் கையில் மகள் செல்போனைக் கொடுத்தாள். விரலால் வரைகிற ஒரு செயலி. ஒன்றின் மேல் ஒன்றாகப் பக்கம் பக்கமாக வரைந்து ஓட்டிவிட்டால் படம் அசையும். கிருபாவதி ஆறு பக்கத்தில் ஒரு வெட்டுக்கிளியை வரைந்தாள். ஓட்டினாள். வெட்டுக்கிளி குதித்தது. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நாம் போட்ட கோடு நம்மைக் கேட்காமல் குதிக்கிறதே என்று அன்று முழுக்க அதையே ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததற்கு முத்துராஜாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

எல்லை திறந்தது, ஜீப் ஓடியது. ஆனால் அவள் விரல் நிற்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஏலச்செடிக்கு அடியில் உட்கார்ந்து, தங்கள் ஜீப்பையே வரைந்தாள். ஒரு கிழட்டு ஜீப். மலையேறும்போது அதற்கு இருமல் வருகிறது. உள்ளே இருக்கும் பதினெட்டுப் பெண்களும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். சுக்குத் தட்டிப் போடு என்கிறாள் ஒருத்தி, ஓமத்தைக் கசக்கி இஞ்சினில் காட்டு என்கிறாள் இன்னொருத்தி.

பதினொன்றாம் வகுப்புக்குப் போயிருந்த அபிதா இதைச் சென்னைக்கு அனுப்பினாள். அங்கே ஒரு சிறுவர் தொலைக்காட்சி, புதுக் கார்ட்டூன் தொடர்களுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தது. தொடராக எடுக்குமுன் ஏழு நிமிஷத்துக்கு ஒன்று எடுத்துப் பார்ப்பார்களாம். அதற்குப் பைலட் என்று பெயர். வந்து குவிந்த ஆயிரத்து இருநூறு கதைகளில் பத்தைப் பொறுக்கி, ஆளுக்கு இரண்டு நிமிஷம் மாதிரி செய்யச் சொன்னார்கள். அந்தப் பத்தையும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டி, மூன்றை மட்டும் பைலட்டாக எடுப்பார்கள். பத்தில் ஒன்று கிருபாவதியின் ஜீப். வந்த கடிதத்தை மகளை நாலு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். இந்த ஒன்று மட்டும் நடந்துவிட்டால் போதும், வாழ்க்கையில் வேறெதுவும் கேட்க மாட்டேன் என்று வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து வைத்தாள்.

அவளுடைய படங்களை அசைய வைக்கச் சேனலின் ஸ்டுடியோவில் வைகுண்டராஜ் என்றொருவனை நியமித்திருந்தார்கள். முப்பது வயதுக்காரன், தூக்கம் பற்றாத குரல். அவள் அனுப்பிய நாற்பது படங்களையும் பார்த்துவிட்டு வீடியோவில் வந்தான்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. உங்க ஜீப் ரிவர்ஸ்ல போகுது."

"இல்ல சார். நேராத்தான் போகுது."

"ரோடு நம்மள விட்டு விலகிப் போகுதே மேடம். மரம், வளைவு, மைல்கல் எல்லாமே. ஒரு படத்துல கூட ரோடு எதிர்ல வரலை."

கிருபாவதி திரும்பத் திரும்பப் பார்த்தாள். அவன் சொன்னது நிஜம். பாதை என்றால் அவளுக்கு அதுதான் பாதை. அது எதிரில் வந்து அவள் பார்த்ததே இல்லை.

ஜீப் எங்கே போகிறது என்று முதல் நிமிஷத்திலேயே பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும், அதுதான் சேனலின் கணக்கு என்றான். பத்து நாளில் எல்லாவற்றையும் திருப்பி வரைந்தால்தான் போட்டியில் இருக்கலாம்.

முன்சீட்டு கங்காணி சுப்புத்தாயுடையது. வேலைக்கு ஆள் சேர்ப்பதும், தோட்டத்தில் அவர்களை ஆட்டி வைப்பதும் அவள்தான். பாதை எதிரில் வருவதைப் பார்க்க வேண்டும், ஒருநாள் மட்டும் இடம் கொடு என்று கிருபாவதி அவளிடமே போய்க் கேட்டாள்.

"ஏன்டி, பதினோரு வருசமாப் போற, இன்னமும் கேரளாவப் பாக்கலயா நீயி?"

"வாரதப் பாத்ததில்லத்தா. போறதத்தான் பாத்துருக்கேன்."

சுப்புத்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, முந்தானையை உதறிச் சொருகிக்கொண்டு பின்னால் போய் ஏறினாள். பதினேழு பெண்களும் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு அவளுக்கு வழிவிட்டார்கள்.

முன்னால் உட்கார்ந்த கிருபாவதி கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மலை அப்படியே அவள் மேல் வந்தது. ஒவ்வொரு வளைவிலும் பாறை முகத்தில் மோதுவது போல நெருங்கி, கடைசி நொடியில் விலகி வழிவிட்டது. பனிமூட்டம் திறந்தது, அதற்குள்ளிருந்து மரம் வந்தது, மரத்துக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தது. எல்லாம் வந்துகொண்டே இருந்தது. இத்தனை வருஷம் இதே மலையிலா போய்வந்தேன் என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. பயமும் சந்தோஷமுமாகக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. குமட்டல் நினைவுக்கே வரவில்லை.

ஆனால் வரைய உட்கார்ந்தால் வரவில்லை. மூன்று நாள் வரைந்தாள். ஜீப் ஜீப்பாகத்தான் இருந்தது, அவர்களுடைய ஜீப்பாக இல்லை. நாலாம் நாள் வைகுண்டராஜுக்கு அவளே போன் போட்டாள்.

"எனக்கு முன்னால பாத்து வரைய வரல சார். வேற யாருக்காச்சும் குடுத்துருங்க."

அவன் கேட்டான். "பின்னாடி அப்படி என்னதான் மேடம் பார்ப்பீங்க?"

வரைந்தே காட்டுகிறேன் என்றாள் அவள். போனை வைத்துவிட்டு வரைந்தாள். அவர்கள் தெரு. தெருமுனையில் விளக்குக் கம்பம். அதன் கீழே பாவாடை கட்டிய ஐந்து வயதுச் சிறுமி, கையைத் தூக்கி ஆட்டுகிறாள். ஜீப் போகப் போகத் தெரு சிறுக்கிறது, கம்பம் சிறுக்கிறது, சிறுமி சிறுத்து ஒரு புள்ளியாகிறாள். புள்ளியிலும் ஒரு கை இருந்தது. கதைக்கு முன்னால் இதைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினாள். ஒரு மணி நேரம் கழித்து வைகுண்டராஜிடமிருந்து பதில் வந்தது: ரோட்டைத் திருப்ப வேண்டாம் மேடம், இப்படியே போவோம், பிள்ளைகள் என்ன சொல்கிறார்களோ பார்ப்போம். அந்தப் படங்களை அபிதாவுக்கு அவள் காட்டவில்லை. என்னவோ கூச்சமாக இருந்தது.

சென்னையில், ஸ்டுடியோவின் சின்னத் திரையரங்கில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர். தாயும் மகளும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். கிருபாவதியுடையது ஏழாவதாக வந்தது.

விளக்குக் கம்பம் தெரிந்தது. அதன் கீழே சிறுமி. கை அசைந்தது. செல்போனில் விரலால் இழுத்த கோடுதான் அது. இங்கே சுவர் உயரத்துக்கு நின்று, காற்றில் பாவாடை ஆட, உயிரோடு கையசைத்தது. நானா இதைச் செய்தேன் என்று வாய்விட்டே முணுமுணுத்தாள். தெரு நகர்ந்தது. சிறுமி தூரம் போனாள்.

முன்வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்கித் திரையைப் பார்த்து ஆட்டினான். பக்கத்துப் பிள்ளை ஆட்டியது. பிறகு நாற்பது கையும் ஆடின, புள்ளி மறைகிற வரைக்கும். ஜீப் இருமத் தொடங்கியதும்தான் சிரிப்பு கிளம்பியது. அது கடைசி வரை ஓயவில்லை.

மாலையில் மூன்று பெயர்களை வாசித்தார்கள். இரண்டாவது பெயர் கிருபாவதி. வைகுண்டராஜ் ஓடி வந்து என்னென்னவோ சொன்னான், எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அபிதாவைத் தேடினாள். அவள் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள், முகமெல்லாம் அழுது வீங்கி.

"என்னாடி, நல்ல சேதி சொல்லியிருக்காக, இங்கன வந்து அழுதுகிட்டிருக்க?"

"ஜீப்புக்குள்ள ஒரே இருட்டா இருக்கும்மா. எனக்கு ஒன்னோட மூஞ்சி தெரியாது. நீ பாக்குறியா இல்லையான்னே தெரியாமத்தான் தெனமும் அந்தக் கம்பத்துக்குக் கீழ நின்னு கையாட்டுவேன்."

கிருபாவதி படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லா நாளும் பாத்தேன்," என்றாள்.