ஆறு மாத முதுகு வலி

ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கும் அவளை எல்லாரும் 'டைப்பிஸ்ட்டம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை கேட்டு ஒருவர், விவாகரத்து கேட்டு ஒருவர், தெருவில் தண்ணீர் வரவில்லை என்று ஒருவர், யார் வந்து உட்கார்ந்தாலும் சரி, அவர்கள் சொல்லத் திணறுவதை இவள் மளமளவென்று எழுதிக் கொடுத்துவிடுவாள். அடுத்தவர் வாயாகப் பேசுவது அவளுக்குக் கைவந்த கலை. அந்தக் கலைதான் அவளைக் கெடுத்தது.

ஆன்லைனில் சாமான் விற்கிற ஒருவன் அவளைப் போனில் பிடித்தான். பொருளை வாங்கு, ஐந்து நட்சத்திரம் போடு, நல்லதாக நாலு வரி எழுது, ஒரு படம் சேர். பணம் திரும்பி வந்துவிடும், பொருளும் உனக்கே. சும்மா கிடைத்தால் யாருக்குக் கசக்கும்? வேறொரு பெயரில் எழுத ஆரம்பித்தாள். அவள் மாமியார் இவள் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தவர். பாவம், அந்த மகராசிக்கு இவள் எழுத்தில் மூட்டு வலி வந்தது, தூக்கம் கெட்டது, காது மந்தமானது. எல்லாம் ஒரே வாரத்தில் சரியாகவும் போனது! படம் எடுக்கப் பெட்டியைப் பிரிப்பாள். எடுத்ததும் அதே மடிப்போடு உள்ளே வைத்து, பரிசாகக் கொடுக்க ஆகும் என்று அலமாரியில் அடுக்கிவிடுவாள்.

வெந்நீர் ஒத்தடப் பை வந்தபோது, மாமியாரைப் பாடாய்ப் படுத்தியது போதும் என்று தோன்றியது. "ஆறு மாதமாக முதுகு வலியால் உட்கார முடியாமல் தவித்தேன். இந்தப் பை வந்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்குகிறேன்" என்று தன் மேலேயே எழுதிக்கொண்டாள். வெறும் பையைச் சோபாவில் வைத்துப் படம் பிடித்தாள். ஒரு சொம்பு வெந்நீர் ஊற்றிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, மத்தியானம் கடைக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. அக்கா வீட்டில் இருக்கும் அம்மாவின் தொடை வெந்நீர் கொட்டி வெந்துவிட்டதாம். டைப் அடித்தது அப்படியே கிடக்க, விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் கூட்டி வந்திருந்தார்கள். கட்டிலில் அம்மா கட்டோடு படுத்திருந்தாள். கட்டிலுக்கடியில் ஓரம் வாய் பிளந்த ஒரு நீலப் பை. அவள் சோபாவில் வைத்துப் படம் பிடித்த அதே மாதிரிப் பை.

"இத எங்கக்கா வாங்கின?" ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள்.

"எங்கயா? நீ எழுதினதப் பாத்துதாண்டி வாங்கினேன். வேற பேர்ல எழுதினா எனக்குத் தெரியாதா? அந்தச் சோபா உறை நான் தெச்சுக் கொடுத்ததாச்சே! ஆறு மாசமா முதுகு வலி, எங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னியா? எனக்கு அழுகையே வந்துடுச்சு. கேட்டா மழுப்புவ, நீயா சொல்லட்டும்னு இருந்தேன். உனக்கே கேட்டுச்சுன்னா அம்மா இடுப்புக்கும் கேக்கும்னு நெனச்சேன்."

அம்மா மெல்லத் தலையைத் திருப்பினாள். "இப்ப எப்படிம்மா இருக்கு உன் முதுகு? நின்னுக்கிட்டே இருக்கியே, உக்காரு. உன்கிட்ட இருக்கற பையத் தூக்கிப் போட்டுடு. உனக்கும் வெடிச்சுத் தொலைக்கப் போகுது."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது அவளுக்கு. இரண்டு பேரும் வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால்கூடத் தேவலை. 'இப்போது பரவாயில்லை' என்று சொல்லிவிட்டால் தப்பித்துவிடலாம். வந்த பை கோளாறு, அவ்வளவுதான் என்று போய்விடும். ஆனால் அம்மா தன் தலைக்கு வைத்திருந்த தலையணையை உருவி, "முதுகுக்கு வெச்சுக்கோ" என்று நீட்டினாள். அதை வாங்க அவளுக்குக் கை வரவில்லை.

"எனக்கு முதுகு வலியே இல்லம்மா. சும்மா எழுதினேன். எழுதினா பை சும்மா கெடைக்கும். அதுல ஒரு சொட்டுத் தண்ணிகூட ஊத்திப் பாக்கல."

அம்மாதான் முதலில் பேசினாள். "வலி இல்லையா? அப்பாடா! நீ நல்லா இருந்தாச் சரி."

அவமானம் தாங்காமல் அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அக்கா மருந்துச் சீட்டை மட்டும் நீட்டினாள். அவள் ஓடிப்போய்க் களிம்பு வாங்கி வந்தாள்.

"ரெண்டு வேளை தடவினாப் போதுமாம்க்கா. கடைக்காரர் சொன்னார்."

அக்கா களிம்பை வாங்கிக்கொண்டாள். அவள் எதிரிலேயே மருந்துக் கடைக்குப் போன் போட்டு, "எத்தனை வேளைங்க தடவணும்?" என்று கேட்டாள்.