என் மிஷின்

இப்போது காசு வாங்கிக் கால்பந்து ஆடுவதை மார்தட்டிச் சொல்கிறார்கள். அன்றைக்குத் திண்டுக்கல் லீக்கில் அது கேவலம். மில் அணிக்கு அந்த மில்லின் தொழிலாளிதான் ஆட வேண்டும். அதனால் செம்பட்டியிலிருந்து என்னைக் கூட்டிவந்த மானேஜர், நூற்பு மிஷின் பார்க்கிறவன் என்று பதிந்து சம்பளம் கொடுத்தார். நான் மில்லுக்குள் கால் வைத்ததேயில்லை.

தோல் பதனிடும் ஷாப்பின் அணிக்காரர்கள், நான் மில் ஆளே இல்லையென்று புகார் செய்தார்கள். லீக் கமிட்டி ஆட்கள் மில்லுக்கே வந்து என்னைக் கூப்பிட்டு, “உன் மிஷின் எதுப்பா, காட்டு” என்றார்கள். எல்லாம் ஒன்றுபோலவே இரைந்தன. ஏதோ ஒன்றைக் கைகாட்டினேன். அங்கே அறுந்த நூலை ஒட்டிக்கொண்டிருந்தவர் என்னை ஒருதரம் பார்த்தார்.

“ஆமாங்கய்யா, தம்பி மிஷின்தான். செத்த நேரம் நான் பாத்துக்கிட்டிருக்கேன்” என்றார்.

கமிட்டி திருப்தியாகப் போனது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவரே பேசினார், நூலிலிருந்து கண்ணெடுக்காமல்.

“சனிக்கிழமை தோல் ஷாப்போட ஆடுறப்ப எடது பக்கமா ஏறி ஆடு. அவுக பேக் ஆடுறவன் அந்தப் பக்கம் சீக்கிரம் களச்சுப்போவான்.”

“உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?”

“நீ வர்ற வரைக்கும் ஒன் எடத்துல நாந்தானப்பா ஆடுனேன்.”